டியூப் ஆம்ப் முன்னால் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்: கையில் பட்டவை

ஆறாங்கம்பி:
அதே டிஎஸ்9 (ஐபனேஸ் டியூப் ஸ்கிரீமர் ஓவர்டிரைவ் பெடல்), அதே கிதார். ஒரு ஆம்பில் கம்பீரமாக இருக்கும், அடுத்ததில் மூக்கடைத்துக்கொண்டு பாடுவது மாதிரி இருக்கும். பெடலைத் திட்டுவதற்கு முன் ஆம்ப் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

மார்ஷல் ஜேசிஎம்800 மாதிரி ஆம்ப், கெயின் 5-6, ஏற்கெனவே கரகரக்கிறது என்றால்: பெடலில் டிரைவ் (கரகரப்பின் அளவு) பூஜ்யம், லெவல் (வெளியே போகும் சத்தம்) கிட்டத்தட்ட முழுசு, டோன் நடுவில். டிரைவ் பூஜ்யம் என்றாலும் பெடல் சும்மா இருப்பதில்லை. உள்ளே 51 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். மேல் ஸ்தாயிக்குச் சுமார் 12 மடங்கு பெருக்கம் கிடைக்கும். அந்த 4.7 கிலோ ஓமோடு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் தொடரில் இருப்பதால், 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கமும் குறையும். பேஸ் மெலிந்துதான் ஆம்பின் முதல் டியூபுக்கு (வெற்றிடக் குழாய்க்கு) போகிறது. பாம் மியூட்டில் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி அடிப்பதில்) ‘கும்ம்’ என்று இழுத்தது ‘டக்’ என்று நறுக்காக நிற்பது இதனால்தான்.

இதே செட்டிங்கை ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பில் வால்யூம் 3-ல் போட்டால் சத்தம் கூடும், கிரஞ்ச் (லேசான கரகரப்பு) பெரிதாக வராது. அங்கே டிரைவ் நாபை, கடிகார முள் கணக்கில், 12-1 மணிக்கு ஏற்றிக்கொண்டு, பெடல் போட்டாலும் எடுத்தாலும் சத்தம் சமமாக இருக்கும் இடத்தை லெவலில் பிடியுங்கள். பிறகு ஒரு மயிரிழை கூட்டுங்கள். ஃபெண்டர் டோன் ஸ்டாக் (பேஸ், ட்ரெபிள் நாப்களின் சுற்று) மிட்டை, அதாவது நடு ஸ்தாயியை, குடைந்து எடுக்கும். டிஎஸ்-இன் மிட் மேடு அந்தக் குழியை நிரப்பும். இந்த ஜோடி பேர் வாங்கியது அதனால்தான்.

புதுவிரல்:
அண்ணா, சோலோவுக்கு ஓவர்டிரைவை மிதித்தால் சத்தமே ஏற மாட்டேன் என்கிறது. லெவல் முழுசு. பெடல் போச்சா?

ஆறாங்கம்பி:
பெடல் நல்லாத்தான் இருக்கு தம்பி. உன் பிரீஆம்ப் (ஆம்பின் முதல் பெருக்கப் பகுதி) ஏற்கெனவே கிளிப் ஆகிறது. அதற்கு மேல் என்ன ஊட்டினாலும் அலையின் தலை தட்டையாகுமே ஒழிய உயராது. சஸ்டெயின் (நோட் நீளும் நேரம்) கூடும், அவ்வளவுதான். சோலோவுக்குச் சத்தம் வேண்டுமென்றால் க்ளீன் பூஸ்டை (கரகரப்பில்லாமல் சத்தம் மட்டும் கூட்டும் பெடலை) எஃபெக்ட்ஸ் லூப்பில், அதாவது பிரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே உள்ள இணைப்பில், மாட்டு. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபும் கிளிப் ஆகிற அளவு மாஸ்டர் வால்யூம் ஏற்றியிருந்தால் அதுவும் உதவாது. அப்போது 97 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கரை 100 டெசிபெல் ஸ்பீக்கராக மாற்றுவது வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். புது ஸ்பீக்கரின் ஓம், வாட் இரண்டும் ஆம்புக்குப் பொருந்த வேண்டும்.

ஈயப்பற்று:
அடிக்கடி காதில் விழும் புகார்: “ரேட் (RAT) டிஸ்டார்ஷன் பெடல் காதில் ஊசி குத்துகிறது.” ஆம்ப் வால்யூமைப் பாருங்கள், 2-ல் இருக்கும். டீலக்ஸ் ரிவெர்ப் வைப்ரேட்டோ சேனலில் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் குறுக்கே 47 பிகோஃபாரட் பிரைட் கெபாசிட்டர் உண்டு. வால்யூம் தாழ்வாக இருக்கும்போது ட்ரெபிள் மட்டும் அந்தக் குறுக்கு வழியில் தப்பி ஓடிவிடும். க்ளீனுக்கு மினுமினுப்பு, டிஸ்டார்ஷனுக்கு ‘ஸ்ஸ்ஸ்’. ஆம்ப் வால்யூமை 4-5-க்கு ஏற்றிவிட்டுப் பெடலின் லெவலைக் குறைத்தால் பாதி சரியாகும். அல்லது நார்மல் சேனலில் செருகுங்கள். அங்கே அந்தக் கெபாசிட்டர் இல்லை, ரிவெர்பும் கிடையாது. ரேட்டின் ஃபில்டர் நாப் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும். இது தெரியாமல் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

கெபாசிட்டரை வெட்டிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வெட்டலாம், ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

கிரிட்லீக்:
பேஸ் ‘புர்ர்’ என்று பிய்வதையும் சொல்ல வேண்டும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), பிக் மஃப் (ஃபஸ் பெடல்), சின்ன ஆம்ப். கீழ் ஈ கம்பியை அழுத்தி அடித்தால் முதல் நொடி அமுங்கி, பிறகு நோட் பொங்கி வரும். உள்ளே நடப்பது இது: சிக்னல் மிகப் பெரியதானால் டியூபின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) மின்சாரம் இழுக்கத் தொடங்கும், அதற்கு முன்னால் உள்ள கப்ளிங் கெபாசிட்டர் சார்ஜ் ஏறி பயஸை (டியூபின் ஓய்வுநிலை மின்னழுத்தத்தை) தள்ளிவிடும். அது வடியும் வரை டியூப் மூச்சு முட்டிக் கிடக்கும். முதலில் பெடல் லெவலைக் குறையுங்கள். அடுத்து ஆம்பின் பேஸை 2-க்கு இறக்குங்கள். போதவில்லையா, மஃபுக்குப் பின்னால் ஈக்யூ (ஒவ்வொரு ஸ்தாயியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் பெடல்) வைத்து 100 ஹெர்ட்ஸில் 6 டெசிபெல் வெட்டுங்கள். ஈக்யூவை மஃபுக்கு முன்னால் வைத்தால் பிசிறின் ரகம்தான் மாறும். ஆம்புக்குப் போகும் பேஸ் பெரிதாகக் குறையாது.

ஈயப்பற்று:
கூடவே விசில். பெடல் போட்டதும் ‘கீ’ என்று கத்தினால் கிதார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். நின்றுவிட்டால் பிக்கப் ஃபீட்பேக். ஆம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள். நிற்காவிட்டால் அதிர்வை வாங்கிக் கத்தும் டியூப் மீது சந்தேகம்: பென்சிலின் மரப்பக்கத்தால் பிரீஆம்ப் டியூப்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். எது ஸ்பீக்கரில் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கிறதோ அதை மாற்றுங்கள். முதல் டியூபாக வழக்கமான 12ஏஎக்ஸ்7 வகைக்குப் பதில் 5751 வகையைப் போட்டால் பெருக்கக் காரணி 100-லிருந்து 70-ஆகக் குறையும். பூஸ்ட் பெடல் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குறைவு நல்லதே.

கிரிட்லீக்:
ஃபஸ் ஃபேஸ் (ஒரு ஃபஸ் பெடல்) வைத்திருப்பவர்களுக்கு: அது பெடல் சங்கிலியில் முதலாவதாக இருக்கட்டும், முன்னால் பஃபர் (சிக்னலின் இம்பிடன்ஸைக் குறைக்கும் சுற்று) உள்ள பெடல் கூடாது. இருந்தால் கிதார் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகாது. பழைய பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகை பாசிட்டிவ் கிரவுண்டில் ஓடும், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்ட். மற்ற 9 வோல்ட் பெடல்களோடு ஒரே அடாப்டர் ஒயரில் கோத்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி போடுங்கள்.