வயித்துல பிள்ளை இருக்கேக்க மீன் சாப்பிட்ட, சாப்பிடாத அனுபவம் இருந்தா சொல்லுங்க

நாவலடிக்காரி
எங்கட வீட்டுக்காரர் கரைவலைக்குப் போறவர், மீனுக்குக் குறைவில்ல. ஆனா தங்கச்சி முழுகாம இருக்கேக்க அவட மாமி சூடை மீனுக்குக் கிட்டயும் விடல்ல, கிரந்தியாம், உடம்புல சொறி வருமாம். ஒருநாள் நான் சொதி வச்சு கோப்பையில போட்டுக் குடுக்கிறன், மாமி வந்து மீனக் கையாலயே எடுத்துத் திரும்பச் சட்டிக்குள்ள போட்டா. தங்கச்சி ஒண்டும் பேசல்ல, வெறும் சோத்தப் பிசைஞ்சுகொண்டே இருந்தவ. பிள்ளை 35 கிழமையில பிறந்துட்டு, 2 கிலோவும் இல்ல. மீன் இல்லாததாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல வரல்ல, ஆனா அந்தக் கை சட்டிக்குள்ள போனது மனசை விட்டுப் போகுதில்ல.

சாய்ந்தமருது உம்மா
அப்பிடி முடிச்சுப் போட ஏலாது தங்கச்சி. எங்கட ராத்தா கீரி மீன் இல்லாம சோறு திங்காத ஆள், அவக்கும் பிரஷர் கூடி 34 கிழமையில சீசர் பண்ணித்தான் எடுத்த. ஆகச் சின்ன பம்பர்ஸ் வாங்கிட்டுப் போனா அது புள்ளட கக்கத்து வரைக்கும் வந்திச்சி. அதப் பார்த்துட்டு ராத்தா அழுத அழுகை இன்னும் காதுல கேக்குது. மீன் திண்டா எல்லாம் சரி எண்டு எழுதாதீங்க.

களுவாஞ்சிக்குடி நேர்ஸ்
ரெண்டு பேரும் சொல்றதுல உண்மை இரிக்கு. கிளினிக்கில ஒரு பிள்ளைத்தாச்சி என்னட்ட "மிஸ்ஸி, மீன் திண்டா பிள்ளை பெருசாகி வெளிய வராதாமே" எண்டு பயந்து கேட்டவ, அண்டைக்குத்தான் இதத் தேடிப் படிக்கத் தொடங்கின நான். வட அத்திலாந்திக் கடல்ல இருக்கிற, மீனும் கடலுணவும் நிறையச் சாப்பிடுற பரோ தீவுப் பிள்ளைகள் டென்மார்க் பிள்ளைகள விட நிறை கூட எண்டு 1980கள்ல கண்டிருக்காங்க. கடல் கொழுப்புல உள்ள ஒமேகா 3தான் பிள்ளைய இன்னும் கொஞ்ச நாள் வயித்துல வச்சிருக்கோ எண்டு ஓல்சன் எண்ட டென்மார்க் ஆராய்ச்சியாளர் யோசிச்சார். நோவு வாறதுக்கு உடம்புல புரோஸ்டாகிளாண்டின் எண்ட, கருப்பைய இறுக வைக்கிற ஒரு பொருள் சுரக்கோணும், ஒமேகா 3 அதக் கொஞ்சம் மெதுவாக்கும் எண்டுதான் அவங்கட கணக்கு. 1992ல டென்மார்க்கில 533 பேர வச்சு, 30ஆம் கிழமையில இருந்து சில பேருக்கு மீன் எண்ணெயும் சில பேருக்கு ஒலிவ் எண்ணெயும் குடுத்துப் பார்த்தாங்க. மீன் எண்ணெய்க்காரருக்குச் சராசரியா 4 நாள் பிந்தி, 107 கிராம் கூட. பிறகு 2018ல ஒமேகா 3 பத்தின 70 ஆய்வ ஒண்டாச் சேர்த்துப் பார்த்ததுல 34 கிழமைக்கு முந்திப் பிறக்கிறது 4.6 வீதத்துல இருந்து 2.7க்குக் குறைஞ்சிருக்கு. ஆனா 2019ல அவுஸ்திரேலியாவில 5,500க்கு மேல ஆக்கள வச்சு ஒமேகா 3 குடுத்துப் பார்க்க வித்தியாசம் வரல்ல. ராத்தாட கதையில வேலை பார்த்தது பிரஷர், அத மீன் தடுத்திருக்காது. தங்கச்சிட கதையில காரணம் எதெண்டு ஆராலயும் சொல்ல ஏலாது, ஆனா சூடை சத்தான மீன், அதப் பறிச்சது சரியில்ல. கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் சூடை, கீரி, கும்பளா நல்லா அவிய வச்சுக் குடுங்க. கருவாட்டுல உப்புக் கூட, பிரஷர்காரர் கவனம். மீன் எண்ணெய்க் குளிசை டொக்டரக் கேக்காம வேணாம்.

திருக்கோவில் அம்மா
மாமிமாரையே குத்தம் சொல்றீங்க. என்ட மருமகளுக்கு நான்தான் ஆய்ஞ்சு கழுவி மீன் குடுத்தன், 41 கிழமை தாண்டியும் நோவு வரல்ல. வார்ட்டு வாசல்ல வச்சு சம்பந்தி எல்லாருக்கும் கேக்கத்தக்கதா "மீனக் குடுத்துப் பிள்ளையக் கட்டிப் போட்டுட்டீங்க" எண்டா. மருந்து ஏத்தி நோவு வரப் பண்ணினாங்க, பிள்ளை 3.6 கிலோ. சுகமா இருக்கான், ஆனா அந்தச் சொல்லு எனக்கு இன்னும் ஆறல்ல.

களுவாஞ்சிக்குடி நேர்ஸ்
அம்மா, நீங்க செஞ்சதுல ஒரு பிழையும் இல்ல. அந்த 2018 ஆய்விலயும் 42 கிழமை தாண்டிறது கொஞ்சம் கூடித்தான் இருந்தது, எண்டாலும் மீன் திங்காதவங்களுக்கும் தவணை தாண்டும். தாண்டினா வீட்ட இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போகோணும், அதத்தானே நீங்களும் செஞ்சீங்க. வயித்துல குழந்தைட அசைவு குறைஞ்சா ஒரு மணித்தியாலமும் பிந்தக் கூடாது. சுறா மாதிரிப் பெரிய மீன்ல பாதரசம் சேரும், வயித்துல பிள்ளை உள்ளவங்க அத மட்டும் விட்டுருங்க.

சாய்ந்தமருது உம்மா
அப்ப பெத்த பிறகு பால் ஊற எண்டு குடுக்கிற பால்சுறா வறை?

களுவாஞ்சிக்குடி நேர்ஸ்
பால் குடுக்கிறவங்களுக்கும் சுறாவத் தவிர்க்கத்தான் சொல்றாங்க. பால்சுறா சின்ன இனம்தான், ஆனாலும் அதையும் விட்டுருங்க. முருங்கையிலைச் சுண்டலும் சூடை மீனும் குடுங்க, பிள்ளைய அடிக்கடி பாலுக்குப் போட்டா பால் தானா ஊறும்.