சின்ன காரைக் கொடுத்துவிட்டுப் பழைய பிக்கப் எடுக்கலாமா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

மரத்தூள்:

ஆறு வருடமாக ஒரு சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது. ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் மெக்கானிக்கிடம் போனதில்லை. காரில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான். மூன்று வருடம் முன்பு பொழுதுபோக்காகத் தச்சு வேலை தொற்றிக்கொண்டது. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் வாங்கினால் கடையிலேயே மூன்றாக அறுத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு நீளப் பலகையை டிக்கி கண்ணாடியிலிருந்து டாஷ்போர்டு வரை படுக்கப் போட்டு ஓட்டி வந்தேன். மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் முழங்கை பலகையில் இடித்தது.

இப்போது தெரிந்தவர் ஒருவர் தன் பழைய டீசல் பிக்கப்பைத் தருவதாகச் சொல்கிறார். இரட்டை கேபின், 17 வருட வண்டி, ரீடிங் 2,40,000. அவர் மகளுக்குச் சின்ன கார் தேவையாம், அதனால் பணம் கைமாறாமல் வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், பெரும்பாலும் வேலைக்குப் போய்வர. எனக்கு ஆசை, வீட்டில் அரை மனது. இப்படி மாற்றியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

டீசல்வாசம்:

நான் மாற்றினேன். நாலு வருடம் ஆகிறது, வருத்தமில்லை. ஆனால் முதல் வருடத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் மைலேஜில் ஆரம்பிப்பார்கள். சரி, கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் கார் 12,000 கிலோமீட்டருக்கு 667 லிட்டர் குடிக்கிறது. அந்தப் பிக்கப் லிட்டருக்கு 10 கொடுத்தால் 1,200 லிட்டர். அதாவது வருடத்துக்கு 533 லிட்டர் கூடுதல். 1,200-ஐ உங்கள் ஊர் டீசல் விலையாலும் 667-ஐப் பெட்ரோல் விலையாலும் பெருக்கி, வித்தியாசத்தை 12-ஆல் வகுத்து, அந்த எண்ணை வீட்டில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். இதில் இன்னொரு விஷயம், நானே தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். 18 கொடுக்கும் கார் 20 கொடுத்தால் வருடத்துக்கு மிச்சம் 67 லிட்டர்தான். 10 கொடுக்கும் வண்டி 12 கொடுத்தால் 200 லிட்டர். அதனால் காரில் கவலைப்படாத டயர் காற்று, அடைத்த ஏர் ஃபில்டர், காரணமில்லாமல் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் கிடக்கும் சுமை எல்லாம் இங்கே காசு.

ஆனால் என்னைக் கடித்தது எரிபொருள் இல்லை. முதல் எட்டு மாதத்தில் கிளட்ச், ரேடியேட்டர், முன் சஸ்பென்ஷன் புஷ், நாலு டயர், பேட்டரி என்று வரிசையாகப் போனது. எல்லாம் பழைய வண்டியில் போகக்கூடியவைதான், யார் மேலும் குறை சொல்ல முடியாது. முந்தைய உரிமையாளர் விற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் இரண்டு வருடமாகச் செலவு செய்யாமல் ஓட்டியிருக்கிறார். அந்த இரண்டு வருடத்தை நான் கட்டினேன். வண்டிக்கு ஒரு விலை வைத்தால், முதல் வருட வேலைக்கென்று தனியாக ஒரு தொகை எடுத்து வையுங்கள். பணமில்லாத மாற்று என்றால் இது இன்னும் எளிதாக மறந்து போகும்.

அப்புறம் மழை. வாங்கி மூன்று வாரம் இருக்கும். தொட்டியில் ஒன்றும் இல்லை. தூறல் விழுந்து ரோடு பிசுபிசுத்திருந்தது. வளைவிலேயே கொஞ்சம் அழுத்தினேன், வண்டியின் பின்பக்கம் தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் ஒரு பக்கமாகக் கிளம்பிவிட்டது. எதிரே யாரும் வராததால் இதை எழுதுகிறேன். இன்ஜின் முன்னால், தள்ளும் சக்கரம் பின்னால், அதன் மேல் எடையே இல்லை. முன்சக்கரம் இழுக்கும் காரில் வந்த பழக்கத்தைக் கால் மறக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

தாம்புக்கயிறு:

நான் சுருக்கமாக. பிக்கப் வாங்கிய அன்றே உங்களுக்குப் பதினைந்து புது நண்பர்கள் கிடைப்பார்கள். எல்லோரும் வீடு மாற்றுகிறவர்கள். "ஒரு அலமாரிதான் மச்சி" என்பார்கள். போனால் அலமாரி, கட்டில், வாஷிங் மெஷின், மாமியார். டீசலும் உங்களுடையது, இடுப்பும் உங்களுடையது.

கிரீஸ்கை:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன். இன்ஜினைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பழைய பிக்கப்பில் நான் முதலில் பார்ப்பது சேசிஸ், அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டம். இன்ஜின் போனால் இன்னொன்று மாட்டலாம். சேசிஸ் துருப்பிடித்தால் வண்டி என்று ஒன்று இல்லை.

ஒரு ஸ்குரூடிரைவரும் சின்ன சுத்தியலும் எடுத்துப் போ. பின் ஸ்பிரிங் பட்டை சேசிஸோடு சேரும் இடம், பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், எரிபொருள் டேங்கின் உள்பக்கம், இவைதான் முக்கியம். சேறு அங்கேதான் தங்கும். சேசிஸ் பெட்டி மாதிரி உள்ளே கூடாக இருப்பதால் துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியே தெரியும்போது கதை முடிந்திருக்கும். ஸ்குரூடிரைவரால் கீறிப் பார், சுத்தியலால் தட்டு. நல்ல இரும்பு கணீர் என்று பேசும். துரு தின்ற இடம் தகர டப்பாவில் ஈரத்துணி போட்டுத் தட்டுவது போல மந்தமாகக் கேட்கும். அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படு. பதினேழு வருட வண்டியின் அடிவயிற்றுக்கு யாரும் சும்மா பவுடர் பூச மாட்டார்கள்.

இன்ஜினுக்கு: போனதும் பானெட்டைக் கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். "ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துப் போ. ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றால் பரவாயில்லை, நிற்காமல் கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துவாரத்தின் மேல் லேசாகக் கவிழ்த்து வை. கொஞ்சம் காற்று வரும், அது இயல்பு. மூடி குதித்து விழுந்து புகை குப்குப்பென்று வந்தால் கும்பிட்டுவிட்டு நட.

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டுவது டைமிங் பெல்ட்டா செயினா என்று கேள். பெல்ட் என்றால் பல வண்டிகளில் 1,00,000 முதல் 1,50,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். இது 2,40,000 ஓடியிருக்கிறது. கடைசியாக மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும், அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது ரப்பரின் மேலுள்ள பள்ளம், ஆழமாக இருக்கிறது என்று ஏமாறாதே, அதிகம் ஓடாத வண்டியில் ரப்பர் நின்றே கிழடாகும்.

கடைசியாக, யாரும் பார்க்காத ஒன்று. பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வுக்குப் போகும். பாரம் ஏறி ஸ்பிரிங் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும், காலியாக இருந்தால் குறைக்கும். பழைய வண்டியில் அது துருவில் இறுகிக்கிடக்கும், இல்லை யாராவது கழற்றிக் கம்பியால் கட்டியிருப்பார்கள். காலித் தொட்டியோடு அவசர பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மேலே டீசல்வாசம் மழையில் பின்பக்கம் போனது என்கிறார். அவர் அழுத்தியது ஆக்ஸிலரேட்டர், அது வேறு. ஆனால் அவரும் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

டீசல்வாசம்:

பார்த்தேன் அண்ணே. கம்பியால்தான் கட்டியிருக்கிறது. நாலு வருடமாக.

பின்இருக்கை:

நாங்கள் பிக்கப் வாங்கி ஒன்றரை வருடத்தில் காருக்கே திரும்பினோம். வண்டி நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஏழு, சின்னவனுக்கு மூன்று. இரட்டை கேபினில் பின் இருக்கை இருக்கிறது என்று நம்பி எடுத்தோம். முதுகு கிட்டத்தட்ட நேராக நிற்கும், கால் வைக்க இடம் குறைவு. சின்னவனின் சீட்டை மாட்டினால் முன்னால் என் கணவரின் முட்டி டாஷ்போர்டில். காலி வண்டியில் ஸ்பிரிங் பட்டை ஒவ்வொரு பள்ளத்தையும் அப்படியே மேலே அனுப்பும். பெரியவள் தூங்கவே மாட்டாள், தலை கண்ணாடியில் இடிக்கும்.

எங்களைத் திருப்பியது பாதுகாப்புதான். வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குத் தானே பிரேக் கொடுத்து நேராக்கும் அமைப்பு 1995-இல்தான் முதல் காரில் வந்தது, ஐரோப்பாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2014-இல். உயரமான வண்டிக்குத்தான் அது அதிகம் தேவை, அந்த வயது பிக்கப்களில் பெரும்பாலும் அது இருக்காது. எங்களுடையதில் பின் இருக்கையின் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும். பெரிய வண்டி, பத்திரம் என்று எல்லோரும் சொன்னார்கள். உயரமாக உட்கார்ந்திருப்பதால் பத்திரமாகத் தோன்றியது, அவ்வளவுதான். தனி ஆளாக ஓட்டுபவர் என்றால் உங்கள் கணக்கு வேறு.

இழுவை:

ப்ளைவுட்டுக்காக இரட்டை கேபின் எடுக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன், தொட்டியை அளந்தீர்களா? எட்டடி என்றால் 2.44 மீட்டர். இரட்டை கேபின் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான் வரும். மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பின்கதவைத் திறந்து கட்டி, நுனியில் சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும். அகலத்திலும் பல நடுத்தரப் பிக்கப்களில் இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே நாலடி கிடையாது. பலகை மேட்டின் மேல்தான் உட்காரும். மழைக்குத் தார்ப்பாய் வேறு.

நான் காரை வைத்துக்கொண்டு ஒரு சின்ன ட்ரெய்லர் வாங்கினேன். கார் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் இருக்கும், சில சின்ன கார்களுக்கு இழுக்கவே அனுமதி இல்லை, அதை முதலில் பாருங்கள். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கப் பழகும் வரை பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இன்னொன்று. ஒரு நோட்டில் கோடு போடுங்கள். கார் போதவில்லை என்று ஆன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. நான் மூன்று மாதம் போட்டேன். நாற்பது இருக்கும் என்று நினைத்தேன், ஐந்துதான் வந்தது.

கல்மண்:

எனக்கு அந்த நோட்டில் மூன்று மாதத்தில் அறுபது கோடு விழும். தோட்ட வேலைதான் பிழைப்பு. பிக்கப் இல்லாமல் ஓடாது. ஆனால் தொட்டி நிறைய என்று ஏற்றாதீர்கள். ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை அகலம், முழங்கால் அளவு உயரம் என்றால் சுமார் ஒரு கன மீட்டர். தண்ணீரே ஒரு டன் வரும். காய்ந்த மணல் ஒன்றரை டன்னைத் தாண்டும், நனைந்தால் இன்னும் கூடும். பெரும்பாலான பிக்கப்களின் தாங்கும் அளவு ஒரு டன் பக்கம், அதிலும் உள்ளே உட்காரும் ஆட்களின் எடை சேர்த்தி. நான் முதல் மாதமே விளிம்பு வரை மணல் ஏற்றினேன். முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஹெட்லைட் மரத்தின் உச்சியைக் காட்டியது. ஸ்டீயரிங்கில் எடையே இல்லை. வேகத்தடையில் ஒரு பட்டை முறிந்தது, துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம்.

மரத்தூள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்ப் பார்த்தேன். பானெட் சில்லென்று இருந்தது, அந்த மட்டில் நல்ல மனிதர். ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளைப் புகை, நின்றுவிட்டது. ஆயில் மூடி குதிக்கவில்லை. ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், சாவியைத் திருப்பி அந்த டீசல் சத்தம் கேட்டதுமே பாதி மனது கையெழுத்துப் போட்டுவிட்டது.

பிறகு அடியில் படுத்தேன். பின் அச்சுக்கு மேல் வளைவில் புதுக் கறுப்புப் பெயிண்ட். மற்ற இடமெல்லாம் பழைய மண் நிறம், அங்கே மட்டும் இரண்டு சாண் நீளத்துக்குப் பளபளப்பு. ஸ்குரூடிரைவரை எடுத்தேன். "பெயிண்ட் கீறிவிடும்" என்றார் அவர். பதினேழு வருட வண்டியின் சேசிஸ் பெயிண்டைப் பற்றி. சுத்தியலால் மட்டும் லேசாகத் தட்டட்டுமா என்று கேட்டேன், சரி என்றார். இடப்பக்கம் கணீர். வலப்பக்கம், கிரீஸ்கை அண்ணன் சொன்ன அதே ஈரத்துணி. அவரும் கேட்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டம்மா காபி கொண்டுவந்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தொட்டியையும் அளந்தேன், 1.49 மீட்டர்.

நோட்டு வாங்கியிருக்கிறேன். இன்று காலை ஒரு கோடு விழுந்தது: ஏழடிக் கதவு ஒன்று. கார் மேல் கம்பளி போட்டுக் கட்டி மெதுவாக ஓட்டி வந்தேன். வீட்டில் அதைக் கோடாகக் கணக்கு வைக்கக் கூடாது என்கிறார்கள், கதவு வந்து சேர்ந்துவிட்டதாம்.

கிரீஸ்கை:

கணக்கு வை தம்பி. கயிறு கட்டியது கூரைக் கம்பியிலா, கதவுக்குள் விட்டா?

மரத்தூள்:

கதவுக்குள் விட்டு. நாலு கதவும் திறக்கவில்லை, கண்ணாடி வழியாக ஏறி இறங்கினேன்.

கிரீஸ்கை:

இரண்டு கோடு போடு.