வடிவம் பயனைப் பின்தொடர்கிறது என்றால், கருத்துரு எங்கே தொடங்குகிறது?

குமிழி_வரைபடம் எழுதியது:

வணக்கம். நான் கட்டடக்கலையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தரப்பட்ட பணி ஒரு சிறிய பொது நூலகம். தேவையான அறைகளைப் பட்டியலிட்டு, எந்த அறை எதன் அருகில் இருக்க வேண்டும் என்று குமிழி வரைபடம் போட்டு, அதிலிருந்து தளவரைபடத்தையும் பின்னர் முகப்பையும் படிப்படியாக உருவாக்கினேன். மதிப்பீட்டு நாளன்று நடுவர்களில் ஒருவர், “எல்லாம் சரியாக இயங்கும், ஆனால் இதில் கருத்துரு, அதாவது கட்டடம் முழுவதையும் வழிநடத்தும் அடிப்படைச் சிந்தனை, எங்கே?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

வடிவம் பயனைப் பின்தொடர வேண்டும் என்று முதலாண்டிலேயே படித்தோம். நான் செய்ததும் அதைத்தானே? என் வகுப்பில் பலர் வடிவத்தை முதலில் வரைந்துவிட்டு, மதிப்பீட்டுக்கு முந்தைய இரவில் அதற்கொரு தத்துவத்தைத் தேடுகிறார்கள். அந்த விளக்கங்கள் பாராட்டும் பெறுகின்றன. அப்படியானால் கோட்பாடு என்பது வரைந்து முடித்த பிறகு சொல்லும் விளக்கம் மட்டும்தானா, அல்லது பென்சில் நகரும்போதே அது வேலை செய்கிறதா? செய்கிறது என்றால், எந்த இடத்தில்?

கற்தூண் எழுதியது:

அந்த வாசகத்தை எழுதியவர் என்ன பொருளில் எழுதினார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி சல்லிவன் 1896இல் உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் அது வருகிறது. பறக்கும் கழுகையும் பூத்திருக்கும் ஆப்பிள் மலரையும் எடுத்துக்காட்டாகச் சொல்பவர், அறைகளின் பட்டியலை மனத்தில் வைத்து எழுதியிருக்க முடியாது. உயர்ந்த கட்டடம் தன் உயரத்தை உணர்த்த வேண்டும் என்பதையே அவர் அதன் இயல்பாகக் கருதினார்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அவரும் அவருடைய தொழில் கூட்டாளி டாங்க்மார் ஆட்லரும் 1891இல் முடித்த வெயின்ரைட் கட்டடத்தைக் கவனியுங்கள். பத்து மாடி, எஃகுச் சட்டகம். முகப்பில் நெருக்கமாக எழும் செங்குத்துத் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்றில்தான் உண்மையில் எஃகுத் தூண் இருக்கிறது. மற்றவை எந்தப் பாரத்தையும் சுமக்கவில்லை. பார்வையை மேல்நோக்கி இழுப்பதற்காகவே நிற்கின்றன. தூண்களுக்கு இடையில் சுடுமண் அலங்காரம் வேறு. பயன் என்ற சொல்லுக்குள் கண்ணும் மனமும் பெறுவதையும் சேர்த்தவர் அவர். அதை வெறும் இயக்கத் தேவையாகச் சுருக்கியது பின்னால் வந்தவர்கள். உங்கள் நடுவர் அந்த விடுபட்ட பாதியைத்தான் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பழைய_நிலையம் எழுதியது:

சல்லிவனை விரிவாகப் படிப்பதை ஏற்கிறேன். ஆனால் பயனிலிருந்து தொடங்கலாமா என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு. கட்டடம் நிற்கும், பயன் மாறிவிடும். பாரிஸில் ஓர்சே ரயில் நிலையம் 1900இல் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்குள் ரயில்கள் நீண்டுவிட, நடைமேடைகள் போதாமல் நெடுந்தொலைவு ரயில்கள் அங்கு வருவது நின்றது. 1986 முதல் அது அருங்காட்சியகம். இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஆல்டோ ரோஸி 1966இல் இதையே கோட்பாடாக முன்வைத்தார்: இத்தாலியின் பாதுவா நகரத்தின் பழைய நீதிமன்ற மாளிகை நூற்றாண்டுகளில் எத்தனையோ பணிகளுக்கு இடமளித்திருக்கிறது, ஆனால் அங்கு செல்பவர் மனத்தில் பதிவது அதன் வடிவம்தான் என்றார்.

எனவே இன்றைய அறைப்பட்டியலைக் கச்சிதமாகப் போர்த்திய ஒரு உறை நாளை யாருக்கும் உதவாமல் போகலாம். நல்ல அளவுள்ள கூடம், சீரான ஒளி, தெளிவான அமைப்பு: இவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

வெளிச்சத்தின்_ஓரம் எழுதியது:

இருவரும் சொல்வது சரியே. ஆனால் கேட்டவர் அறிய விரும்புவது, பென்சில் நகரும்போது கோட்பாடு எங்கே இருக்கிறது என்பதை. உங்கள் பணி நூலகம் என்பதால் ஒரு நூலகத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் எக்ஸிட்டரில் ஒரு பள்ளிக்காக லூயி கான் வடிவமைத்த நூலகம் 1970களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. நூலகம் என்றால் என்ன என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை மிக எளியது: ஒருவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிச் செல்கிறார். அறைகளின் பெயர்களுக்குப் பதிலாக அந்த விடையில் ஒரு மனிதரின் நடை இருக்கிறது. அந்த நடை அப்படியே கட்டடமாகிறது. ஒளி தாக்கக் கூடாத புத்தக அடுக்குகள் உள்வளையத்தில், கான்கிரீட்டில் அமைகின்றன. படிப்பவர்கள் செங்கல்லால் ஆன வெளிவளையத்தில், சன்னலோர மேசைகளில் தனித்தனியாக அமர்கிறார்கள். நடுவிலுள்ள உயர்ந்த கூடத்தில் நுழைந்ததும், சுவர்களில் திறந்த பெரும் வட்டங்கள் வழியாகப் புத்தக அடுக்குகள் தெரிகின்றன. இங்கே எது கருத்துரு, எது பயன், எது கட்டுமானம் என்று பிரிக்கவே முடியாது. பொருள் மாறும் இடம்கூட, அதாவது கான்கிரீட் முடிந்து செங்கல் தொடங்கும் கோடுகூட, அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னை இத்துறையில் நிலைக்கச் செய்தது அதுதான். பின்லாந்தின் பாய்மியோவில் ஆல்வர் ஆல்ட்டோ வடிவமைத்த காசநோய் மருத்துவமனை 1933இல் நிறைவுற்றது. சாதாரண அறையை நிற்பவரின் கண்ணால் வரைகிறோம். அங்கிருப்பவரோ நாள் முழுதும் படுத்திருப்பவர் என்பதே அதன் அடிப்படைச் சிந்தனை. படுத்திருப்பவர் பார்ப்பது கூரையை. ஆகவே கூரைக்கு மென்மையான நிறம், கண்ணில் படாத விளக்கு. கைகழுவும் தொட்டியில் நீர் சரிவான கோணத்தில் ஓசையின்றி விழும், பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் விழித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தத் தொட்டியின் சரிவை வரைந்த கோடுதான், நீங்கள் கேட்ட இடம்.

கற்தூண் எழுதியது:

ஓர் எச்சரிக்கை. அதே கான், அதற்கு முன் ஃபிலடெல்பியாவில் கட்டிய ரிச்சர்ட்ஸ் ஆய்வகத்தில், பணியிடங்களையும் அவற்றுக்குச் சேவை செய்யும் குழாய்க் கோபுரங்களையும் பிரித்து மிகத் தெளிவான கோட்பாட்டை நிறுவினார். உலகம் வியந்தது, ஆனால் உள்ளே இருந்த ஆய்வாளர்கள் வெயிலின் கூச்சம் தாங்காமல் சன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டினார்கள். அடுத்து 1965இல் கலிபோர்னியாவில் அமைந்த சால்க் ஆய்வகத்தில், குழாய்களுக்கென்றே ஆள் நடமாடக்கூடிய தனித்தளங்களை அமைத்து, ஆய்வுக்கூடங்களைத் தூண்களே இல்லாமல், விரும்பியபடி மாற்றிக்கொள்ளும்படி விட்டார். பழைய_நிலையம் எழுப்பிய கேள்விக்கும் அதில் ஒரு விடை இருக்கிறது. கோட்பாடு வரைபலகையில் பிறந்தாலும், மனிதர்கள் உள்ளே வாழத் தொடங்கிய பிறகே அது சோதிக்கப்படுகிறது.

குமிழி_வரைபடம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பாய்மியோவைப் படித்த பிறகு என் வரைபடங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வோர் அறையின் பரப்பளவும் எனக்குத் தெரியும். ஆனால் புத்தகத்தைக் கையில் எடுத்தவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை ஒரு முறைகூட யோசித்திருக்கவில்லை. குழந்தைகள் பகுதியை நுழைவாயிலின் அருகே வைத்ததற்குப் பட்டியலில் அது முதலில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. தரையில் அமர்ந்து படிக்கும் ஒரு குழந்தையின் கண்மட்டத்திலிருந்து குறுக்குவெட்டை (கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிப் பார்ப்பது போன்ற வரைபடத்தை) இந்த வாரம் புதிதாக வரையத் தொடங்குகிறேன். சன்னலின் அடிமட்டம் அங்கே எவ்வளவு உயரத்தில் வரலாம் என்பதில் உங்கள் கருத்தை அடுத்து கேட்பேன்.