த்ரோ எடுக்கும்போது ரெண்டு மீட்டர்: எங்கிருந்து அளக்கணும்?

காட்பாடி ஸ்டாப்பர்:
வேலூர் சுத்துவட்டார ஃபுட்பால் நாக்-அவுட் மேட்ச்கள்ல அடிக்கடி வர்ற தகராறு இது. பக்கக் கோட்டைத் தாண்டி வெளிய போன பந்தைக் கையால உள்ள வீசறதுதான் த்ரோ. த்ரோ போடறவர் கோட்டுக்கு மூணு மீட்டர் பின்னாடி நிக்கிறார். எதிர் டீம் ஆள் கோட்டை ஒட்டி நிக்கிறார். நடுவுல மூணு மீட்டர் இருக்கு, எதிராளி தள்ளி நிக்கணும்னு விதி கேக்கறது ரெண்டுதான். அப்புறம் எதுக்கு ரெஃப்ரி அவரைத் தள்ளிப் போகச் சொல்றார்? போடறவர் பின்னாடி போனது அவரோட இஷ்டம். டிஃபெண்டர் மேல தப்பே இல்ல.

ஆம்பூர் விசில்:
2019-க்கு முன்னாடி இதைப் பேசியிருக்கலாம். அந்த வருஷம் ஃபுட்பால் விதிகளை எழுதற அமைப்பான ஐஎஃப்ஏபி, த்ரோவுக்கான விதி 15-ஐத் திருத்தினப்பவே இதை முடிச்சுட்டாங்க. டச்லைன்ல, அதாவது பக்கக் கோட்டுல, எந்த இடத்துல த்ரோ எடுக்கணுமோ அந்தப் புள்ளியிலிருந்து ரெண்டு மீட்டர். போடறவர் எவ்வளவு பின்னாடி நின்னாலும் அளவு கோட்டிலிருந்துதான். ஆள் கோட்டை ஒட்டி நின்னா, போடறவர் முன்னாடி ஓடிவந்து கோட்டுல கால் வெச்சு வீச முடியாது. ரன்-அப்பை அடைக்கறதுக்குத்தான் அங்க நிக்கிறாங்கன்னு ஆடற எல்லாருக்கும் தெரியும்.

காட்பாடி ஸ்டாப்பர்:
சரி, கோட்டிலிருந்தே அளங்க. ஆனா "எடுக்கணுமோ அந்தப் புள்ளி"ன்னா பந்து வெளிய போன இடம். இங்க போடறவங்க பந்தைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டே நாலு எட்டு, அஞ்சு எட்டு முன்னாடி நகர்றாங்க. நகர்ந்து நகர்ந்து டிஃபெண்டர் பக்கத்துல வந்து நின்னுட்டு, "சார், கிட்ட நிக்கிறான்"னு கை காட்டறாங்க. நின்னவன் நின்ன இடத்துலதான் இருக்கான். இதுக்கு அவனுக்குக் கார்டா?

ஆம்பூர் விசில்:
கார்டு கிடையாது. தப்பான இடத்திலிருந்து வீசினா த்ரோ எதிர் டீமுக்குப் போகணும். ஒரு எட்டு முன்ன பின்ன இருந்தா பெரும்பாலும் விட்டுடுவாங்க, அஞ்சு எட்டை விடக்கூடாது. வீசறதுக்கு முன்னாடியே இடத்தைக் கை காட்டிட்டா பாதி சண்டை வராது.

பாலாறு லெஃப்ட் விங்:
எங்கிருந்து அளக்கறதுன்னு சண்டை போடறீங்க. அந்த ரெண்டு மீட்டரே பத்தலன்றது என் கட்சி. ஸ்கூல் கிரவுண்டுகள்ல கோட்டுக்கு ஒரு கை தூரத்துல காம்பவுண்ட் சுவர் இருக்கும். பின்னாடி போகவும் வழியில்ல, ஓடிவரவும் வழியில்ல. எதிர்ல ஆறடி ஆள் ரெண்டு மீட்டர்ல நின்னு குதிச்சா பந்து அவன் தலையைத் தாண்டாது. ஃப்ரீ கிக்குக்கு 9.15 மீட்டர், ரெஃப்ரி பந்தைக் கீழ போட்டு ஆட்டத்தைத் தொடங்கற டிராப் பாலுக்கே 4 மீட்டர், த்ரோவுக்கு மட்டும் ரெண்டா? நம்ம லோக்கல் டோர்னமென்ட் ரூல் பேப்பர்லயாவது நாலுன்னு போடலாமே.

ஆம்பூர் விசில்:
பதினோரு பேர் ஆடற மேட்ச்ல போட முடியாதுணா. சின்னப் பசங்க ஆட்டம், உள்ளூர் ஆட்டத்துக்கெல்லாம் எதை மாத்திக்கலாம்னு விதிப் புத்தகத்துலயே இருக்கு: மைதான அளவு, பந்து, கோல் அளவு, ஆட்ட நேரம், வெளிய போனவர் திரும்ப வர்றது, தற்காலிக வெளியேற்றம். த்ரோ தூரம் அதுல இல்ல. செவன்ஸ்னா, அதாவது ஏழு பேர் ஆட்டம்னா, தனி ரூல், அதுல என்ன வேணா எழுதிக்கோங்க.

சுவர் பிரச்சினைக்குக் கோட்டை உள்ள தள்ளிப் போடுங்க. அகலம் 45 மீட்டர் இருந்தாலே போதும். 50 மீட்டர் கிரவுண்டுல பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர் விட்டாலும் 47 மிச்சம். சுண்ணாம்பு போடறதுக்கு முன்னாடி டேப் பிடிச்சா அரை மணி நேர வேலை.

காட்பாடி ஸ்டாப்பர்:
குதிக்கறது தப்புன்னு எங்க எழுதியிருக்கு? ரெண்டு மீட்டர் விட்டாச்சுன்னா அவன் இடம், அவன் உடம்பு.

ஆம்பூர் விசில்:
குதின்ற வார்த்தை இல்ல. நியாயமில்லாம கவனத்தைக் கலைக்கறதும், வீச விடாம தடுக்கறதும் இருக்கு. ரெண்டு மீட்டருக்குள்ள வர்றது அதுல ஒரு வகைதான், தூரம் விட்டுட்டா எதுவும் செய்யலாம்னு அர்த்தமில்ல. பந்து வந்ததும் தலையால தடுக்கக் குதிச்சா அது ஆட்டம். பந்து கையை விடறதுக்கு முன்னாடியே முகத்துக்கு நேரா கையை வீசிக்கிட்டு ஆடினா மஞ்சள் கார்டு. தூக்கின கையில பந்து பட்டா ஹேண்ட் பால், டைரக்ட் ஃப்ரீ கிக். 2008-ல இங்கிலாந்து கிளப் ஸ்டோக் சிட்டியோட ரோரி டெலாப் நீள த்ரோ போடப் போறப்ப, ஹல் சிட்டி சப்ஸ்டிட்யூட் டீன் விண்டாஸ் அவருக்கு எதிர்ல வார்ம்-அப் பண்ணி மஞ்சள் வாங்கினார். அவர் ஆட்டத்துலயே இல்ல!

பாலாறு லெஃப்ட் விங்:
கார்டு சரி. வீசினப்புறம் தடுத்துட்டா? இங்க பாதிப் பேர் "ரீ-த்ரோ"ன்றாங்க.

ஆம்பூர் விசில்:
அது தப்பு. வீசறதுக்கு முன்னாடி உள்ள வந்தா ஆட்டத்தை நிறுத்தி மஞ்சள், அப்புறம் அதே டீமுக்கு த்ரோ. வீசினப்புறம்னா மஞ்சளோட இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது நேரா அடிச்சா கோல் ஆகாத கிக். பந்து உள்ள வராம வெளியவே தரையில பட்டாதான் அதே டீம் அதே இடத்திலிருந்து திரும்பப் போடும்.

காட்பாடி ஸ்டாப்பர்:
அப்போ குயிக் த்ரோ? திரும்பி நடந்துக்கிட்டிருக்கறவன் முதுகுக்குப் பின்னாடி ஒரு மீட்டர்ல வீசினா, பந்து அவன் மேல பட்டா, இன்டைரக்டா? ஃப்ரீ கிக் விதி 13-ல "சீக்கிரம் எடுத்து கிட்ட இருந்தவர் தடுத்தா ஆட்டம் தொடரும்"னு தெளிவா இருக்கு. த்ரோ விதியில அந்த வரி இல்ல.

ஆம்பூர் விசில்:
வரி இல்லன்றது உண்மை. ஆனா நியாயமில்லாம தடுத்திருந்தாதான் குற்றம். விலகிப் போறவன் மேல பட்டா ஆட்டம் போகட்டும். இன்னும் சொல்லணும்னா, முறையா வீசறவர் திரும்ப ஆடறதுக்காக வேணும்னே எதிராளி முதுகுல மெதுவா போட்டாலே ஆட்டம் தொடரும்னு விதியில இருக்கு. பந்தைப் பார்த்துட்டுக் காலை நீட்டினா கதை வேற.

காட்பாடி ஸ்டாப்பர்:
பார்த்தானா பாக்கலியான்னு ரெஃப்ரிதான் சொல்லணும். லைன்ல நிக்கறது பெரும்பாலும் ஏதாவது ஒரு டீமோட பெஞ்ச் பையன். அவன் கண்ணுக்கு ரெண்டு மீட்டர் எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?

ஆம்பூர் விசில்:
கோல் போஸ்ட் உயரம் 2.44 மீட்டர். அதைப் படுக்க வெச்சு ஒரு முழம் குறைச்சா ரெண்டு மீட்டர். மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போஸ்ட் பக்கத்துல நிக்க வெச்சுக் காட்டிட்டு அப்புறம் கொடியைக் குடுங்க.

பாலாறு லெஃப்ட் விங்:
சரி, செவன்ஸ் பேப்பர்ல மூணு மீட்டர்னு எழுதறேன்.

காட்பாடி ஸ்டாப்பர்:
எழுதுங்க. நகர்ந்து வந்து போட்டா த்ரோ மாறும்னு அதுக்குக் கீழயே ஒரு வரி சேருங்க, இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.