அவசரம்: மழை பெஞ்சா காருக்குள்ள தண்ணி நிக்குது, எங்கேர்ந்து வருதுன்னே தெரியல

சேலையூர்_சதீஷ் | நவம்பர் 8, இரவு 10:47

எல்லாருக்கும் வணக்கம். கார்ல தண்ணி ஒழுகுது. மேட்டைத் தூக்குனா அடியில சொதசொதன்னு இருக்கு, துணி போட்டுப் பிழிஞ்சா அரை பக்கெட் வருது. ரெண்டு ஷெட்ல காமிச்சாச்சு. ஒருத்தர் முன் கண்ணாடியைக் கழட்டி ஒட்டணுங்கிறார், இன்னொருத்தர் வெயில் வந்தா காஞ்சுடும்னு அனுப்பிட்டார். வியாழக்கிழமை குடும்பத்தோட திருநெல்வேலி போகணும். உள்ள ஊறப்போட்ட சாக்கு மாதிரி நாத்தம். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

புதுசா_ஓட்டுறேன் | இரவு 10:55

என்ன வண்டி ப்ரோ?

மதுரை_டீசல் | இரவு 11:02

எந்தப் பக்கம்? முன்னாடியா, பின்னாடியா? சன்ரூஃப் இருக்கா? ஓடும்போது வருதா, நிக்கும்போது வருதா? ஒண்ணும் சொல்லாம தண்ணி தண்ணின்னா நாங்க ஜோசியமா பாக்குறது?

பழைய_பட்டறை (பதிவுகள்: 4,312) | இரவு 11:20

ஐப்பசி பொறந்தா வருஷா வருஷம் இதே கேள்வி. மேல தேடுற பெட்டின்னு ஒண்ணு இருக்கு, அதை யாரும் தொடுறதில்ல.

தம்பி, வைப்பருக்குக் கீழ கருப்பா ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்குல்ல, அதுக்குப் பேரு கவுல். கண்ணாடில விழுற தண்ணி மொத்தமும் அதுக்குள்ளதான் இறங்கும், ஓரத்துல இருக்கிற ஓட்டை வழியா வெளிய வடியும். மரத்தடியில நிறுத்துனா இலை போய் அடைச்சுக்கும். தண்ணி ரொம்பி, ஏசிக்குக் காத்து இழுக்கிற வாய் வழியா உள்ள இறங்கிடும். பானட்டைத் தொற, இலையை அள்ளு, ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பாரு. முடிஞ்சது கதை. முப்பது வருஷமா இதைத்தான் பாக்குறேன்.

மதுரை_டீசல் | இரவு 11:26

அண்ணே, அவர் இன்னும் எந்தப் பக்கம்னே சொல்லல. அதுக்குள்ள கதையை முடிச்சுட்டீங்க.

பழைய_பட்டறை | இரவு 11:31

சொல்ல வேண்டியதே இல்ல. இலைதான்.

ராயபுரம்_ரவுண்டு | இரவு 11:48

செகண்ட் ஹேண்டா? அப்படின்னா முதல்ல ஒண்ணு பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரைக்கும் வெளிய இழுங்க. அடி முனையில சேத்துக் கறை கோடு மாதிரி இருந்தா அது வெள்ளத்துல நின்ன வண்டி. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் முழுகுன வண்டிங்களைக் கழுவித் துடைச்சு வாசனை அடிச்சு வித்தாங்க. சீட்டு தண்டவாளத்துல துருவும், ஸ்டெப்னி பள்ளத்துல வண்டலும் இருக்கான்னும் பாருங்க.

சேலையூர்_சதீஷ் | நவம்பர் 9, காலை 7:15

பயமுறுத்தாதீங்க சார், போன வருஷம்தான் லோன் போட்டு வாங்குனேன். பெல்ட் இழுத்துப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு. இடது பக்கம் முன்னாடி. கம்பெனி பேரு போடல, போட்டா இங்க வேற சண்டை ஆரம்பிச்சுடும். 2016 மாடல் ஹேட்ச்பேக், சன்ரூஃப் எல்லாம் கிடையாது. நேத்து ராத்திரி மழைக்குத் திரும்பத் தண்ணி. ஆபீஸ் கிளம்பணும், சாயங்காலம் வரேன்.

பழைய_பட்டறை | காலை 7:22

கவுல்ல இலை இருந்துச்சா?

யாழ்_ஓட்டி | காலை 8:40

எனக்கும் போன மாரிக்கு உப்பிடித்தான். மழைத்தண்ணி எண்டுதான் நானும் நினைச்சனான். கராஜ்காரர் கண்ணாடியைக் கழட்ட வேணும் எண்டு சொன்னவர். கடைசியில பாத்தா ஏசித் தண்ணி வெளிய போற குழாய் அடைபட்டுக் கிடந்தது. மழைக்குக் கண்ணாடி புகைஞ்சு போகும் எண்டு எல்லாரும் ஏசி போட்டுத்தானே ஓடுறம், அதால மழை பெய்யிற நாளில மட்டும் தண்ணி வாற மாதிரித் தெரியும். ஏசி போட்டு வாகனத்தை நிப்பாட்டினா அடியில தண்ணி சொட்டுதோ எண்டு பாருங்கோ. சொட்டேல்லை எண்டா அந்தத் தண்ணி உள்ளுக்கதான் போகுது.

கோவை_மாலா | காலை 9:30

யாழ் அண்ணா சொல்றது நல்ல யோசனை, ஆனா ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டில காலைல தண்ணி நிக்குதுன்னா ஏசி இல்லீங்க.

சதீஷ் தம்பி, தண்ணியத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு, இனிப்பா ஒரு வாடை இருந்தா அது கூலன்ட், இன்ஜினக் குளிர வெக்கற தண்ணி, ஹீட்டர் ஒழுகுது. அப்படின்னா திருநெல்வேலி பயணத்தையே தள்ளிப் போடுங்க. வெறும் தண்ணின்னா மழைத்தண்ணிதான்.

அப்புறம் ஒண்ணு, தண்ணி நிக்கற இடத்த வெச்சு ஒழுகற இடத்த முடிவு பண்ணாதீங்க. மேல எங்கியாவது பூந்து, ஒயர் புடிச்சு இறங்கி, பள்ளமா இருக்கற பக்கம் வந்து நிக்கும். அதனால மொதல்ல உள்ள காய வைங்க. மேட்டுக்குக் கீழ கார்பெட், அதுக்கும் கீழ பஞ்சு மாதிரி ஒரு ஃபோம் இருக்கும். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், அடியில ஒரு வாரம் ஆனாலும் காயாது. நாத்தம் அங்கிருந்துதான் வருது. ஓரத்துல கதவுப்படி பிளாஸ்டிக்கக் கழட்டுனா கார்பெட்டத் தூக்கலாம். தூக்கி அடியில ஒரு கட்டை வெச்சு ஃபேன் போடுங்க. அதுக்கு சீட்டக் கழட்டறதா இருந்தா மொதல்ல பேட்டரி நெகட்டிவக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுருங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக்கோடது. அதக் கழட்டி வெச்சிருக்கறப்ப சாவி போடக் கூடாது, போட்டா ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையாது.

காஞ்சதும் டேஷ்போர்டுக்குக் கீழ, கதவு ஓரம், மேல உள்பக்கக் கம்பம்னு எல்லா எடத்துலயும் நியூஸ்பேப்பர் ஒட்டுங்க. இல்லீன்னா முகத்துக்குப் போடற பவுடரத் தூவுங்க, தண்ணி ஓடுன தடம் கோடாத் தெரியும். ஒருத்தர் டார்ச்சோட உள்ள உக்காரட்டும், இன்னொருத்தர் வெளிய தோட்டத்து ஓஸ்ல தண்ணி விடட்டும். வாட்டர் சர்வீஸ் கன்னுல அடிக்காதீங்க, அந்த வேகத்துக்கு ஒழுகாத ரப்பரும் ஒழுகும். மெதுவா விடுங்க. கீழருந்து ஆரம்பிங்க, மொதல்ல கதவு, அப்புறம் கவுல், அப்புறம் கண்ணாடி, கடைசியாத்தான் கூரை. ஒவ்வொரு எடத்துலயும் பத்து நிமிஷம். அவசரப்பட்டு மேலருந்து ஆரம்பிச்சா எல்லாமே நனைஞ்சு ஒண்ணும் தெரியாது.

ஆமா, கண்ணாடி மாத்துனது, டிங்கரிங் பண்ணுனது, இந்த மாதிரி சமீபத்துல ஏதாச்சும் வேலை பாத்தீங்களா?

பழைய_பட்டறை | காலை 10:05

இவ்வளவு பெரிய பரீட்சை எல்லாம் தேவையில்ல. இலையை அள்ளச் சொன்னேன்.

மதுரை_டீசல் | காலை 10:30

அதுக்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கு? பாத்ரூம்ல போடுற சிலிக்கான் ட்யூப் ஒண்ணு வாங்கி முன் கண்ணாடியைச் சுத்தி ஒரு இழுப்பு. நான் என் வண்டிக்கு அதான் போட்டேன்.

கோவை_மாலா | காலை 10:52

தயவுசெஞ்சு வேண்டாம்ங்க. புளிச்ச வினிகர் வாடை அடிக்கற சிலிக்கான்ல அசிட்டிக் அமிலம் வரும், தகரத்துல பட்டா துருப் புடிக்கும். அது காஞ்ச எடத்துல அப்புறம் பெயின்டும் நிக்காது, கண்ணாடி ஒட்டற பசையும் புடிக்காது. எங்க ஒழுகுதுன்னே தெரியாம வெளிய பூசுனா தண்ணி உள்ளயே தேங்கும்.

மதுரை_டீசல் | காலை 11:10

எனக்கு மூணு வருஷமா நிக்குது.

கோவை_மாலா | காலை 11:14

சிலிக்கான் நிக்குதா, தண்ணி நிக்குதா?

ராயபுரம்_ரவுண்டு | காலை 11:40

வண்டி அடியில வட்டமா ரப்பர் மூடி இருக்கும். அதைப் புடுங்கிவிட்டா உள்ள இருக்கிற தண்ணி தானா போயிடும். எங்கப்பா அப்படித்தான் பண்ணுவார்.

மதுரை_டீசல் | காலை 11:52

அதைப் புடுங்கிட்டு வேளச்சேரில முட்டளவு தண்ணில இறங்குனா உள்ள நீரூற்றுதான். உங்கப்பா காலத்துல ரோட்டுல அவ்வளவு தண்ணி நிக்கல.

ராயபுரம்_ரவுண்டு | காலை 11:58

தண்ணி வடிஞ்சதும் திரும்ப மாட்டணும்னு சொல்லித் தெரியணுமா? அப்புறம், நாங்க ராயபுரம். எங்க காலத்துல தண்ணி நிக்கலியா?

பழைய_பட்டறை | மதியம் 12:20

பேச்சு எங்கயோ போகுது. மரத்தடியில நிறுத்தாதீங்க, இந்தக் கேள்வியே வராது.

புதுசா_ஓட்டுறேன் | மதியம் 12:31

மரத்தடியில நிறுத்தலன்னா வெயில்ல ஸ்டியரிங்கைத் தொட முடியலையே அண்ணே.

பழைய_பட்டறை | மதியம் 12:35

கவர் போடு.

மதுரை_டீசல் | மதியம் 12:41

நனைஞ்ச வண்டிக்குக் கவர் போட்டு மூடுனா உள்ள பூசணம்தான் பூக்கும்.

பழைய_பட்டறை | மதியம் 12:44

முப்பது வருஷத்துல நான் எத்தனை வண்டி பாத்திருப்பேன்னு உனக்குத் தெரியுமா?

*(இதுக்கு நடுவுல வந்த பதினோரு பதிவுகள் கார் கவர், வேப்பமரம், யார் எத்தனை வருஷம் வண்டி ஓட்டுறாங்கங்கிறதைப் பத்தி.)*

சேலையூர்_சதீஷ் | நவம்பர் 9, இரவு 9:36

மாலா அக்கா, தண்ணி பிசுபிசுன்னு இல்ல, வெறும் தண்ணிதான். எந்த வேலையும் பாக்கல. கண்ணாடியும் மாத்தல, ஆக்சிடன்ட்டும் ஆகல. தம்பியை உள்ள உக்கார வச்சு ஓஸ் விட்டேன். பொறுமை இல்லாம கண்ணாடிலதான் ஆரம்பிச்சேன், சாரி. இருபது நிமிஷம் விட்டும் டேஷ்போர்டுக்குக் கீழ ஒட்டுன பேப்பர் காஞ்சே இருக்கு. ஆனா கதவுப்படி ஓரத்துல வச்ச பேப்பர் ஊறிடுச்சு. கதவுக்கு நான் தண்ணியே அடிக்கல. கதவைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் நல்லாத்தான் இருக்கு. குழப்பமா இருக்கு.

கோவை_மாலா | இரவு 9:50

குழப்பமே இல்லீங்க. கண்ணாடில விட்ட தண்ணி ஓரமா வழிஞ்சு கதவு மேலதான இறங்கும்.

கதவுத் தகரத்துக்குள்ள தண்ணி போறது தப்பே இல்ல. கண்ணாடி ஏறி இறங்கற சந்துல மழைத்தண்ணி எப்பவும் உள்ள இறங்கும், எல்லா வண்டிலயும். அதுக்காகத்தான் கதவு அடி விளிம்புல சின்னச் சின்ன ஓட்டை விட்டிருக்காங்க. உள்பக்கம் டோர் பேடுக்கு, அதாவது கதவ மூடியிருக்கற உள் அட்டைக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். தண்ணி அந்தத் தாள் மேல வழிஞ்சு கீழ போய் ஓட்டைல வெளிய போயிரணும். ஓட்டைல மண்ணு அடைச்சாலோ, தாள் அடிப்பக்கம் விட்டுப்போனாலோ தண்ணி டோர் பேடு வழியா உள்ள வந்து கதவுப்படி தாண்டி கார்பெட்டுக்குப் போயிரும். பீடிங் புதுசா இருந்தாலும் தடுக்காது, தண்ணி வர்றதே பீடிங்குக்கு உள்பக்கமாத்தான்.

டோர் பேடு அடி ஓரத்த விரலால தடவிப் பாருங்க. ஈரமா இருக்குதா? அந்தக் கதவ யாராச்சும் கழட்டுனாங்களா?

சேலையூர்_சதீஷ் | இரவு 10:02

ஈரமா இருக்கு. யாரும் கழட்டல அக்கா. தீபாவளிக்கு ஸ்பீக்கர் மட்டும் மாத்துனேன்.

மதுரை_டீசல் | இரவு 10:04

😂😂 ஸ்பீக்கர் மட்டும்.

கோவை_மாலா | இரவு 10:11

ஸ்பீக்கரக் கதவக் கழட்டாம எப்படிங்க மாத்துவாங்க?

கடைக்காரரு தாளப் பிச்சுட்டு அப்படியே மூடியிருப்பாரு. டோர் பேடக் கழட்டுங்க. கைப்பிடிக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஸ்க்ரூவ மொதல்ல எடுங்க, இல்லீன்னா இழுக்கற இழுப்புல கிளிப்பெல்லாம் உடைஞ்சுரும். பழைய பசையத் துடைச்சுட்டு பியூட்டைல் டேப் போட்டு ஒட்டுங்க, கருப்பா சூயிங்கம் மாதிரி கயிறாட்டம் வரும். தாள் கிழிஞ்சிருந்தா கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் வெட்டிப் போட்டாலும் போதும், ஆனா தாளோட அடி நுனி கதவுக்குள்ள போகற மாதிரி இருக்கணும், வெளிய இல்ல. கீழ இருக்கற ஓட்டைய குச்சி விட்டு மண்ண எடுங்க. செல்லோடேப் போடாதீங்க.

பழைய_பட்டறை | இரவு 10:25

கதவும் ஒரு காரணமா இருக்கலாம். நான் மறுக்கல. ஆனா கவுல்ல இலை இருந்துச்சான்னு ரெண்டு நாளா கேக்குறேன், பதில் இல்ல.

யாழ்_ஓட்டி | நவம்பர் 10, காலை 6:50

அக்கா சொன்னது சரி போல கிடக்கு. ஆனாலும் ஏசிக் குழாயையும் ஒருக்காப் பாத்து விடுங்கோ.

சேலையூர்_சதீஷ் | நவம்பர் 12, இரவு 11:19

கதவுதான். தாள் பாதி தொங்கிட்டு இருந்துச்சு, மீதியை செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருக்கான். வலது பக்கமும் கழட்டிப் பாத்தேன், அதே செல்லோடேப். நம்ம தெரு இடது பக்கம் சரிவு, அதனால அந்தப் பக்கம் மட்டும் உள்ள வந்திருக்கு போல. ரெண்டையும் பியூட்டைல் போட்டு ஒட்டிட்டேன், மூணு கிளிப் உடைஞ்சுது. ஒரு மணி நேரம் ஓஸ் விட்டேன், பேப்பர் காஞ்சே இருக்கு. ஃபோம் இன்னும் காயல, கார்பெட்டைத் தூக்கிக் கட்டி வச்சபடியே ஊருக்குக் கிளம்புறோம். ரொம்ப நன்றி மாலா அக்கா.

மதுரை_டீசல் | இரவு 11:25

சூப்பர். கண்ணாடி ஓரமா அப்பிடியே லேசா சிலிக்கானும் ஒரு இழுப்பு விட்டுடுங்க, ஒரு பாதுகாப்புக்கு.

கோவை_மாலா | இரவு 11:27

வேண்டாம்ங்க.

பழைய_பட்டறை | நவம்பர் 13, காலை 6:05

வாழ்த்துக்கள் தம்பி. கவுல்ல இலை இருந்துச்சா?

பழைய_பட்டறை | நவம்பர் 29, காலை 7:10

அந்த இலை விஷயம் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?