கனடா செல்லும் பிள்ளைக்கு வன்னியிலிருந்து எதைக் கொடுத்தனுப்புவது?

முள்ளியவளைத் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் சில ஆண்டுகளாக ஸ்காபரோவில் வசிக்கிறார். எனக்கும் தரம் 3இல் படிக்கும் எங்கள் மகனுக்கும் இப்போது நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்திருப்பதால், ஆடி மாதத்தில் நாங்கள் புறப்பட வேண்டியிருக்கிறது. அவனை வளர்த்தது பெரும்பாலும் என் அம்மாதான். கடந்த விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் பிள்ளைகள் அம்மாவுக்குப் பக்கத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவர்களுடைய கைகளைத் தடவித் தடவி ஏதேதோ கேட்க, ஒவ்வொரு கேள்வியையும் அவர்களின் தாயார் ஆங்கிலத்தில் சொல்லி, அவர்கள் சொன்ன பதிலைத் திரும்பத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் நல்ல பிள்ளைகள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் என் மகனுக்கும் அம்மாவுக்கும் இடையில் அப்படியொரு நிலை வருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பரதம், மிருதங்கம் என்று வகுப்புகளுக்கு அனுப்பினால் போதும் என்கிறார் கணவர். அங்கே பிள்ளை வளர்த்தவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து, புதுக்குடியிருப்பு ஊரைச் சேர்ந்த ஒருவர்:

தங்கச்சி, வசதிகளுக்கு இங்கே குறைவில்லை. ஒன்ராறியோவின் பாடசாலைச் சபைகள் நடத்தும் பன்மொழி வகுப்புகளில், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வரை பிள்ளைகள் தமிழ் படிக்கலாம். உயர்தரப் பாடசாலையில் தமிழைப் படித்துப் பட்டயத்துக்கான புள்ளியும் பெறலாம். ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக 2014இல் மாகாணமும் 2016இல் கனடா நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டன. இவற்றையெல்லாம் பயன்படுத்துங்கள். ஆனாலும் நான் கண்டவரையில், தமிழ் தங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும், தமிழில் பேசாவிட்டால் காரியம் நடக்காத ஒரு ஆள் இருந்தார். உங்கள் மகனுக்கு அந்த ஆள் அம்மம்மாதான். தொலைபேசியை ஒரு நிமிடம் கையில் கொடுத்து "சுகமா இருக்கிறீங்களா என்று கேள்" என்று பறித்துக்கொள்ளாமல், அவனுக்கும் அவருக்கும் தனியாக ஒரு அலுவல் இருக்கும்படி செய்யுங்கள். கன்று எப்படி இருக்கிறது, இம்முறை குளத்தில் தண்ணீர் எவ்வளவு, யார் வயலில் அருவி வெட்டு (நெல் அறுவடை) முடிந்தது என்பதையெல்லாம் அவனே கேட்டு அறியட்டும்.

முதல் ஆண்டில் பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற பயத்தில், பெற்றோர் வீட்டிலும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஆங்கிலத்தை அவன் விளையாட்டு மைதானத்திலேயே பிடித்துக்கொள்வான்.

இன்னொன்று, பெயர். நம்முடைய வழக்கத்தில் தந்தை பெயர் முன்னே நிற்பதால், இங்குள்ள படிவங்களில் எது குடும்பப் பெயர் என்ற குழப்பம் கட்டாயம் வரும். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பாடசாலையில் முதல் வாரமே ஆசிரியரைச் சந்தித்து, பெயரை முழுதாகச் சொல்லிக் காட்டுங்கள். சுருக்கிக் கூப்பிடப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம்.

கிளிநொச்சி வாசகி:

இந்த உரையாடலில், வன்னி என்பது புறப்பட்டுப் போகும் இடமாக மட்டுமே தெரிகிறது. 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வந்த என் தாத்தா பாட்டிக்கு இதுவே புது நாடு. மொழி ஒன்றுதான் என்றாலும், எங்கள் பேச்சைக் கேட்டுப் பாடசாலையில் சிரித்தார்கள். அதனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களில் சிலர் வெளியே வாய் திறக்கவே தயங்கினார்கள். ஆனாலும் மாசி மாதம் வந்தால் தாத்தா கம்பம் ஊன்றிக் காமன் கூத்து நடத்துவார். வைக்கோலைக் கொளுத்தித் தப்புப் பறையின் தோலைக் காய்ச்சுவது பேரப்பிள்ளைகளின் வேலை. தோல் சூடேறி, விரலால் தட்டும்போது ஓசை கணீரென்று எழும்வரை நெருப்புக்கு மேல் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் தோல் கருகிவிடும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கு இன்றும் ரதி மதன் பாட்டு மனப்பாடம். நாற்காலியில் இருந்து பார்த்த பிள்ளைகளுக்கு ஒரு வரிகூட நினைவில்லை. அக்கா, உங்கள் மகனுக்கு வகுப்பை விட ஒரு வேலையைக் கொடுங்கள்; வீட்டுப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவதாக இருந்தாலும் போதும்.

இன்று நாங்கள் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும் போகிறோம், காமன் கூத்தும் ஆடுகிறோம். வன்னி மக்களாகிவிட்டதால் எங்களிடமிருந்து எதுவும் களவு போய்விடவில்லை. அவன் கனடாப் பிள்ளையாகவும் வளர்வான். அதை இழப்பென்று எண்ணி அழாதீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தண்ணீரூற்று:

கிளிநொச்சித் தங்கை சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பிள்ளை ஆடியில்தான் போகிறான் என்றால், வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கல் இடையில் இருக்கிறது. வற்றாப்பளைக்குத் திங்கட்கிழமை இரவு கூட்டிச்சென்று ஐஸ்கிறீம் வாங்கிக்கொடுத்துத் திரும்பாமல், பொங்கலின் தொடக்கச் சடங்கான பாக்குத்தெண்டலிலிருந்து அவனைக் கூடவே வைத்திருங்கள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பதையும், காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்பு நீரில் விளக்கு எரிவதையும், ஞாயிறு அங்கு பொங்கி மறுநாள் அம்மனிடம் போவதையும் அவன் தன் கண்ணால் காணட்டும். பரதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊருக்கென்று கோவலன் கூத்து இருக்கிறது. அதில் ஒரு பாட்டையாவது கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரிடம் நேரில் கேட்டுப் பழகிக்கொண்டு போகட்டும்.

யாரும் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2009இல் இந்த மண்ணில் நடந்ததை, அதன் பின் பிறந்த பிள்ளைக்கு எப்போது சொல்வது? பல வீடுகளில் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனத்தில் அன்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் கேளாத கதையைப் பிள்ளை ஒருநாள் கைத்தொலைபேசியில், குருதி தோய்ந்த படங்களாகப் பார்ப்பான். அதற்கு முன், உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த வழியாக நடந்தீர்கள், யார் தண்ணீர் தந்தார்கள் என்று, அவன் வயதுக்குத் தாங்கும் அளவில் நீங்களே சொல்லுங்கள்.

முள்ளியவளைத் தாய்:

ஐயா, கடைசியாக நீங்கள் சொன்னதைக் கணவரும் நானும் இதுவரை பேசியதே இல்லை. இன்றிரவு பேசப் போகிறேன். அண்ணா, சான்றிதழையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டேன். மகனின் பெயரில் ஓர் எழுத்து வேறாக இருக்கிறது, நாளை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். அம்மாவுக்கு வட்ஸ்அப் அழைப்பை எடுக்க மகனே இப்போது பழக்கிக்கொண்டிருக்கிறான். ஐயா, கோவலன் கூத்துப் பாட்டுப் பழக்கக்கூடிய அண்ணாவியார் ஒருவரிடம் எங்களை அழைத்துச் செல்வீர்களா? சனிக்கிழமைகளில் மகனுக்கு நேரம் இருக்கிறது.