பழைய நட்புகளையும் எடுத்த முடிவுகளையும் தியானத்தில் திரும்பிப் பார்க்க முறை உண்டா?

கேள்வி: தென்கரை வாசகர்

தவக்காலத்தில் மூன்று நாள் அமைதித் தியானம் போகிறேன். வாழ்க்கை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பொதுப் பாவசங்கீர்த்தனம் (வாழ்நாள் பாவங்களை மொத்தமாகக் குருவிடம் அறிக்கையிடுவது) செய்ய ஆசை. விடுதிக் கால நண்பர்கள், பேச்சு நின்றுபோனவர்கள், வேலை, திருமணம் என்று எடுத்த முடிவுகள் எல்லாமே அதில் வரும். ஆனால் உட்கார்ந்தால் ஒன்று ஏக்கத்தில் போய் நிற்கிறது, இல்லாவிட்டால் குற்ற உணர்வில் முடிகிறது. எப்படித் தொடங்குவது? பழைய நண்பரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்பது எப்போது சரி, எப்போது வேண்டாம்?

பதில் 1: மன்றேசா

முறை இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில், எண்ணிட்ட பத்திகளில் 56-ஆம் எண்ணைப் பாருங்கள். வாழ்ந்த காலத்தை ஆண்டு ஆண்டாகவோ பருவம் பருவமாகவோ பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மூன்றை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்: குடியிருந்த இடமும் வீடும், பழகிய மனிதர்கள், செய்த வேலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராக ‘அவனுக்கும் எனக்கும் ஏன் முறிந்தது’ என்று தொடங்கினால் மனசு பழைய வழக்கை மறுபடி வாதாடத் தொடங்கிவிடும். இடத்திலிருந்து தொடங்குங்கள். விடுதி அறையில் யார் கட்டில் எந்தப் பக்கம், காய்ச்சல் வந்த இரவில் மெஸ்ஸிலிருந்து கஞ்சி வாங்கி வந்தது யார் என்பதெல்லாம் வரும்போது, மறந்துபோன நன்மைகளும் கூடவே வரும்.

ஒரு நோட்டு எடுத்து, பருவத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஐந்தாறு பருவங்களுக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரத் தியானத்துக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டுமே மேலோட்டமாகப் போகும்.

நீங்கள் சொல்கிற குற்ற உணர்வுக்குப் பெரும்பாலும் காரணம், நன்றியைத் தாண்டிக் குதிப்பதுதான். 43-ஆம் எண்ணில் வரும் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிய அருள் கேட்பது, கணக்குப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதி எடுப்பது. கணக்கு மூன்றாவதாகத்தான் வருகிறது. 56-ஆம் எண் வரும், பாவங்களைப் பற்றிய அந்தத் தியானமே 61-ஆம் எண்ணில், இன்றுவரை உயிரோடு வைத்திருக்கும் இரக்கத்துக்கு நன்றி சொல்லித்தான் முடிகிறது. அந்த முடிவு வரை போகாமல் பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

முடிவுகளைப் பற்றி 171 முதல் 174 வரை படியுங்கள். திருமணம், குருத்துவம் போன்ற மாற்ற முடியாத முடிவுகளை மறுபடி தேர்வுக்கு எடுக்கவே கூடாது. தவறான நோக்கத்தோடு எடுத்ததாக இருந்தாலும், மனம் வருந்தி, அந்த நிலையிலேயே நல்ல வாழ்க்கை வாழ வழி தேட வேண்டும். வேலை, ஊர் போன்றவை மாற்றக்கூடியவை. ஒழுங்காக யோசித்து எடுத்திருந்தால் அவற்றையும் கிளற வேண்டியதில்லை. ‘வேறு படிப்பு எடுத்திருந்தால்’ என்ற கேள்வி வந்தால் நோட்டில் எழுதாதீர்கள், அதற்குத் தியானத்தில் பதில் கிடையாது. மனசு வறண்டு இருக்கும் நேரத்தில் புது முடிவும் எடுக்காதீர்கள் (318).

பொதுப் பாவசங்கீர்த்தனத்துக்குச் சனிக்கிழமை மாலை வரிசையில் போய் நிற்க வேண்டாம். தியான இல்லத்து அருள்தந்தையிடம் முன்னாலேயே நேரம் கேளுங்கள். ஒரு பக்கக் குறிப்பு போதும், மற்றவர்கள் பெயரைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே மன்னிக்கப்பட்டதை மறுபடி சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றும் சுபாவம் உங்களுக்கு இருந்தால், இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மோன்செராத் மடத்தில் மூன்று நாள் எடுத்து எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதன் பிறகும் பக்கத்து மன்றேசா ஊரில் ‘எதையோ விட்டுவிட்டேன்’ என்ற சஞ்சலம் அவரை உயிரை மாய்க்கும் எண்ணம் வரை இழுத்துப்போனது. பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதியாக நிறுத்திய பிறகுதான் விடுதலை கிடைத்தது.

பதில் 2: நெல்லை சி.எஸ்.ஐ. வாசகர்

ஐயா, தேடிப்போவது பற்றி மட்டும் சொல்கிறேன். மத்தேயு 5:23-ஐ நிதானமாகப் படியுங்கள். உங்கள் பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால் எழுந்து போக வேண்டியது நீங்கள். உங்களுக்கு அவர்மேல் குறை என்றால் அது மத்தேயு 18:15, தனியாகப் பேசுவது. பல வருஷம் கழித்துப் போகிறவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். ‘நானும் தப்பு செய்தேன், ஆனால் நீயும்...’ என்று வாய் திறந்த உடனே மன்னிப்பு சண்டையாகிவிடும். முதல் சந்திப்பில் உங்கள் பங்கை மட்டும் பேசுங்கள்.

எல்லாப் பிரிவும் பாவம் என்றும் எண்ணாதீர்கள். அப்போஸ்தலர் 15-இல் மாற்குவை அழைத்துப்போவதா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். பர்னபா மாற்குவோடு சீப்புருவுக்கு, பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியாவுக்கு. யார் சரி என்று லூக்கா தீர்ப்பு எழுதவில்லை. கொலோசெயர் 4:10-இல் மாற்கு பவுலோடு இருக்கிறார். 2 தீமோத்தேயு 4:11-இல் அவரை அழைத்து வரச் சொல்லிப் பவுலே கேட்கிறார். பழைய வாக்குவாதத்தைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை. மறுபடி சேர்வதற்குப் பழைய விவகாரத்தைத் தீர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் வார்த்தை போதாது. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. 10,000 ரூபாய் என்றால் 12,000. பணத்தைக் கொடுத்த பிறகு மன்னிப்புக் கேளுங்கள். மன்னிப்பு மட்டும் கேட்டால் அவர் வாயாலேயே ‘பரவாயில்லை, விடு’ என்று சொல்ல வைத்துவிடுவீர்கள்.

பதில் 3: கல்லுக்கூட்டம்

கடிதம் எழுதுவதாக இருந்தால் ஐந்து வரி போதும். செய்தது இன்னது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘உன் மனம் புண்பட்டிருந்தால்’ என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம், அது புண்பட்டதையே சந்தேகமாக்குகிறது. காரணம் சொல்லாதீர்கள், பதிலும் கேட்காதீர்கள். மூன்று நாள் வைத்திருந்து, ஆன்ம குருவிடமோ சபை ஆயரிடமோ காட்டிவிட்டு அனுப்புங்கள். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது தவறு. அங்கே அவர் நாலு பேர் முன்னால் மன்னித்தே தீர வேண்டியிருக்கும்.

பழைய காதல் என்றால், இரண்டு பக்கமும் இப்போது குடும்பம் இருக்கிறது என்றால், எழுத வேண்டாம். அடித்தவர், மிரட்டியவர், தவறாக நடந்தவர் என்றால் நேரில் போகவே கூடாது. உள்ளத்தில் மன்னிப்பதற்குச் சந்திப்பு நிபந்தனை இல்லை. ரோமர் 12:18-இல் ‘கூடுமானால்’ என்ற சொல்லைப் பவுல் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

தென்கரை வாசகர்

மூவருக்கும் நன்றி. அந்த நண்பர்களில் ஒருவர் இறந்துவிட்டார். அவருக்கு என்ன செய்வது?

பதில் 4: மன்றேசா

அவர் பெயரில் திருப்பலிக் கருத்து கொடுங்கள், அதாவது அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வரை காத்திருக்க வேண்டாம். தினசரிச் செபத்தில் அவர் பெயரைச் சேருங்கள். இஞ்ஞாசியாரின் தோழர் புனித சவேரியார் 1540-இல் உரோமையில் இஞ்ஞாசியாரைப் பிரிந்தவர், பிறகு பார்க்கவே இல்லை. தோழர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையெழுத்திட்ட பெயர்களை வெட்டியெடுத்துக் கூடவே வைத்துக்கொண்டிருந்ததாக 1546-இல் இன்றைய இந்தோனேசியாவின் அம்பொயினா தீவிலிருந்து எழுதினார். நீங்களும் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி செபப் புத்தகத்தில் வையுங்கள், உயிரோடிருப்பவர்களையும் சேர்த்து.

கடன் பாக்கி இருந்தால் அவர் மனைவி மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும். ‘அவர் எனக்குக் கொடுத்திருந்தார், திருப்பித் தருகிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்; துக்க வீட்டில் உங்கள் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை. வாரிசு யாரும் இல்லை என்றால் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் அதை உங்கள் வழக்கமான காணிக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.